பீரங்கி கேட்டார், பேட்டரி லைட் கொடுத்தோம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர் வீரபாண்டியில், ஒரு சின்ன பனியன் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்தே காலம் தள்ளிய எங்கள் முதலாளிக்கு, முதன்முறையாக நேரடி எக்ஸ்போர்ட் ஆர்டர் கிடைக்கும் போலிருந்தது. தன் ஊர்க் கடற்கரையில் இருக்கும் குட்டிக் கோட்டையின் விழாவுக்கு டி-ஷர்ட் கேட்டிருந்தார் ஒரு வெளிநாட்டு பையர். சாம்பிள் பிடித்தால்தான் ஆர்டர்.

கோட்டை மேல் கடலைப் பார்த்தபடி 'பேட்டரி' இருக்க வேண்டும் என்று அவர் போனில் சொன்னதை, முதலாளி அப்படியே பிரிண்டிங் ஆர்ட்டிஸ்டிடம் ஒப்பித்துவிட்டார். பையர் வந்து உட்கார்ந்த பிறகுதான் சாம்பிள் மேஜைக்கு வந்தது. மதில் மேல் வரிசையாக பேட்டரி லைட்டுகள் கடலுக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தன!

பையரின் முகம் சுருங்கியது. பேட்டரி என்றால் பீரங்கி வரிசையாம். அதை நான் தமிழில் சொன்னதும் முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"அட சாமி! நம்மூர்ல பேட்டரின்னா இதுதானுங்க அம்மிணி! எதையாச்சும் சொல்லிச் சமாளியுங்க."

எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்தப் பீரங்கிகள் எத்தனை கப்பலைச் சுட்டன என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். பையர் சிரித்துவிட்டார். ஒன்றைக்கூட இல்லையாம். எதிரிக் கப்பலுக்குப் பயந்து கட்டிய கோட்டை. எதிரி வரவே இல்லை. குண்டுகள் துருப்பிடித்ததுதான் மிச்சம். ஆனால் பனி மூடிய நாட்களில், மீன்பிடிக்கப் போனவர்கள் கரை தெரியாமல் தவித்தால், பீரங்கியில் குண்டில்லாமல் வெறும் வெடிமருந்தை வெடிப்பார்களாம். அந்தச் சத்தத்தை வைத்துப் படகுகள் வந்து சேருமாம். அவருடைய தாத்தாவும் அப்படித் திரும்பியவர்தானாம்.

விடுவேனா? எங்கள் ஊரில் இருட்டில் வழி காட்டுவது இந்த பேட்டரிதான், அதனால் நாங்கள் வரைந்தது தப்பே இல்லை என்று ஒரே போடாகப் போட்டேன். அவர் சாம்பிளை மறுபடி கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பீரங்கி ஒரு டிசைன், பேட்டரி லைட் ஒரு டிசைன் என்று இரண்டுக்கும் ஆர்டர் கொடுத்தார்!

"பீரங்கி இல்லாமயே கோட்டையப் புடிச்சுப்போட்டீங்க அம்மிணி!" என்றார் முதலாளி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று சொந்தமாக யூனிட் நடத்துகிறேன். எதிரே இருப்பவர் முகம் சுருங்கினால், மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் அவர் கதையைக் கேட்கத்தான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது.