முருகேசன் உடைத்த சோலார் பேனல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாத்தூர் பக்கம் போயிருந்தேன், மச்சினன் முருகேசன் வீட்டுக்கு. அவன் மனைவி மாரீஸ்வரிக்கு இது ஆறாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடையாய் நடந்து உண்டான பிள்ளை. வளைகாப்புக்கு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று என் மனைவி என்னைத் துரத்திவிட்டாள்.

முருகேசன் பதினைந்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். இப்போது வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பழைய சாமான் வியாபாரம். புதுச் சரக்கு என்ன தெரியுமா? சோலார் பேனல்! தெருவிளக்குக்கும் பம்ப்செட்டுக்கும் மாட்டி, பழுதாகிக் கழற்றிப் போட்டவை. காரியாபட்டிப் பக்கத்திலிருந்து லோடு லோடாக வருகிறதாம்.

"வாங்கத்தான்! சாப்பிட்டீகளா? சரி, மொதல்ல நம்ம தொழிலப் பாருங்க..."

ஷெட் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னான். பட்டாசுக் கம்பெனிப் பழக்கம். உள்ளே இரும்புச் சுத்தியல் கிடையாது, பொறி பறக்குமாம்; மரச்சுத்தியல்தான். மூலைக்கு மூலை மணல் வாளி. தரை முழுக்கத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருந்தான். தீப்பெட்டி? அது நூறடிக்கு அந்தப் பக்கம். பட்டாசு ஆலையை ஆய்வு செய்கிற அதிகாரி வந்திருந்தால் கைகுலுக்கிவிட்டுத்தான் போயிருப்பார்.

அலுமினியச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைத் தட்டி உடைக்கிறான். உள்ளே இருக்கிற செம்புப் பட்டைகளை உரித்தெடுத்துத் தரிசுக் காட்டில் கொண்டுபோய்ச் சுடுகிறான். ஒட்டியிருக்கிற ஈயப்பற்று உருகி விழுந்து, செம்பு தனியாக வந்துவிடுமாம். பட்டை உரிக்கிற வேலை மாரீஸ்வரியுடையது. ஈரத்தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். விரலெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி.

"மூக்குல ஒரு துணி கட்டக் கூடாதாம்மா?"

"இது என்ன வெடிமருந்தாண்ணே?" என்று சிரித்தாள்.

முருகேசனுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு பொறி பறக்காது அத்தான். மருந்தோடயே கெடந்தவன் நான். இந்தக் கண்ணாடி என்னத்தப் பண்ணிரும்?"

நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தவன். ரிட்டயர் ஆன பிறகும் வீட்டில் எடுக்கிறேன் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. சும்மா இருக்க முடியுமா?

"ஏலே முருகேசா, இது எப்பம்லே வெடிக்கும்?"

"வெடிக்கவே வெடிக்காது அத்தான்!"

"அதாம்லே பிரச்சினை!"

பட்டாசில் பிழைக்கிற எங்கள் ஜில்லாக்காரர்களின் மூளையில் ஆபத்து என்றால் ஒரே அர்த்தம்தான் – வெடி. தீ, புகை, சத்தம், ஓட்டம். சத்தம் போடாத எதையும் நாங்கள் மதிப்பதில்லை. அந்தச் சாம்பல் பொடியில் இருக்கிற ஈயம் சத்தம் போடாது. மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் போய் எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். தாயின் ரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்... அந்தப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். பேனலின் முதுகில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் கொளுத்தினால் வருகிற புகையோ, நுரையீரலுக்கு நேர் விரோதி. இதையெல்லாம் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அதுக்குத்தான தண்ணி விட்டுக் களுவுறோம்?" என்றான் முருகேசன், கொஞ்சம் சுருதி குறைந்து.

நல்ல கேள்வி. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

மூன்று பேரும் அந்த ஈரத்தின் பின்னாலேயே நடந்தோம். ஷெட்டைத் தாண்டி, சின்ன வாய்க்காலாக ஓடி, தளதளவென்று நின்ற ஒரு கீரைப் பாத்தியில் போய் முடிந்தது.

"நர்சம்மா தெனமும் கீரை திங்கச் சொன்னாக" என்றாள் மாரீஸ்வரி. குரல் இறங்கிவிட்டது. "தண்ணி சும்மாதான போகுதுன்னு இங்கன பாத்தி கட்டுனேன். ரெண்டு மாசமா இதத்தாண்ணே கடையுதேன்."

பொறிக்குப் பயந்து அவன் ஊற்றிய தண்ணீர்தான் பொடியை அவள் சோற்றுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அவ்வளவு ஜாக்கிரதையும் இப்படியா போய் முடிய வேண்டும்?

மாரீஸ்வரி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெடிச்சிருந்தா ஓடியாவது தப்பிச்சிருப்பேன்ல?"

முருகேசன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். பிறகு பாத்தியிலிருந்த கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்தான். மாடு கீடு வாய் வைத்துவிடக் கூடாதே என்று நான் ஒரு சாக்கை நீட்டினேன்.

நான் சோலாருக்கு எதிரி இல்லை. தினம் நாலு மணி நேரம் கரண்ட் போகிற ஊரில் இருந்துகொண்டு வெயிலைப் பழிக்க முடியுமா? என் கட்சி சுலபமானது. பேனலை விற்றவனே பழுதானதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை உடைக்காதீர்கள், சுடாதீர்கள். முழுசாக இருக்கிற பேனல் யாரையும் ஒன்றும் செய்யாது. முருகேசனும் மிச்சத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான்.

மாரீஸ்வரி இப்போது விருதுநகரில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஈயம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க மதுரையில் அவள் ரத்தத்தைக் கொடுத்திருக்கிறோம். இனி பொடி படாமல், சத்தாகச் சாப்பிட்டால் ஈயம் மெல்ல இறங்கும் என்கிறார் டாக்டர். நானும் அதையே தினமும் அடித்துச் சொல்கிறேன். எல்லாம் நல்லபடியாக முடியும்!

ரிசல்ட் இன்னும் வரவில்லை. போன் மணி அடித்தால் மாரீஸ்வரிதான் எழுந்து போய் எடுக்கிறாள் – எனக்குக் கை வருவதில்லை.