கவுச்சி அறிந்த கடவுள்

1. சாக்கில் வந்த கால்

நான் செய்த கால் ஒன்று, ஒரு நாள் முற்பகலில், உரச்சாக்கில் கட்டப்பட்டு என் மேசைக்கே திரும்பி வந்தது.

கடலூரில் ஒரு செயற்கை உறுப்பு மையத்தின் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் கால் செய்தேன். கால் செய்பவன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் கால்களைத்தான் பார்ப்பார்கள். அவை இரண்டும் நலமாகவே இருந்தன. அதுவே என் தொழிலுக்கு ஒரு குறை என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. விளங்கிய கதையை, இத்தொழிலுக்குப் புதிதாக வருவோருக்காக எழுதுகிறேன். தொழிற்சொற்களைப் பட்டறையில் வழங்கியபடியே விட்டிருக்கிறேன். இழந்த காலின் மிச்சப் பகுதி நுழையும் கிண்ணம் சாக்கெட். அதனுள் மெத்தென்று இடும் ஸ்பாஞ்சு உறை லைனர். இவ்விரண்டையும் அறிந்தால் போதும்.

சாக்கைச் சுமந்து வந்தவர் காசியம்மாள். அவருக்குப் பின்னால், கக்கத்துக் கட்டைகளை ஊன்றியபடி அவருடைய அண்ணி அஞ்சலை வந்தார். இருவரும் கடலூர்த் துறைமுகத்தில் மீன் எடுத்து, பேருந்தில் சிதம்பரம் கொண்டுபோய், அங்கே அங்காடியில் விற்பவர்கள். சாலை விபத்தொன்றில் அஞ்சலையின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மூன்று மாதங்களுக்கு முன்பு அவருக்குக் கால் பொருத்தி, ட்ரயல் அறையின் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நடக்கவைத்து, ஆளுயரக் கண்ணாடியில் அவர் நடையை அவருக்கே காட்டியவன் நான். அன்று பட்டறையே கை தட்டியது.

“என்னம்மா, கால்ல போட்டுக்கினு வர வேண்டியத சாக்குல போட்டுக்கினு வர்றீங்க?”

“பொருந்தல சார்” என்றார் அஞ்சலை.

“எங்க வலிக்குது?”

“வலி எல்லாம் இல்ல. பொருந்தல.”

நாற்காலியில் அமர்த்தி மீண்டும் மாட்டிவிட்டேன். எழுந்து நடந்தார். உயரம் சரி, சாய்வு சரி, தோலில் ஒரு கன்றலும் இல்லை. எனக்குச் சற்றே எரிச்சல் வந்தது.

“இங்க நல்லாத்தான நடக்கறீங்க?”

“இங்க நல்லாத்தான் நடக்குது சார், இந்த வழவழ தரையில. இங்கியே நாலு கூறு கட்டி வித்துக்கட்டுமா?”

“ஃபேன் கூட இருக்குது அண்ணி, ஈ மொய்க்காது” என்று காசியம்மாள் ஒத்து ஊதினார்.

சிரித்து முடித்த பிறகு காசியம்மாள்தான் செய்தியைச் சொன்னார். அவர்கள் அமரும் அங்காடியில் ஒரு வழக்கம் உண்டு. புரட்டாசியில் ஊரில் பாதிப் பேர் மீன் தின்பதில்லை, வியாபாரம் படுத்துக்கிடக்கும். அம்மாதம் முடிந்து ஐப்பசி முதல் நாள் காலையில் எந்த இடத்தில் பலகை போட்டு எவர் குந்தியிருக்கிறாரோ, அடுத்த புரட்டாசி வரையில் அந்த இடம் அவருக்கு. நுழைவாயிலை அடுத்த அஞ்சலையின் இடத்துக்கு நெடுநாளாகப் பல கண்கள். அப்போது புரட்டாசி பாதி கழிந்திருந்தது.

“அதுவரிக்கும் நான் காவல் இருப்பன் சார். அன்னிக்கும் அண்ணி வரலன்னா, வேற எவளோ உக்காறதுக்கு நானே உக்காந்துக்குவன்” என்றார் காசியம்மாள். அது வேடிக்கைப் பேச்சு என்றே முதலில் எண்ணினேன். அஞ்சலையின் முகத்தைப் பார்த்தபோது அவர் அப்படி எண்ணவில்லை என்று தெரிந்தது.

புறப்படும்போது அஞ்சலை நின்றார்.

“சார், ஒண்ணு கேக்கறன், கோவிச்சிக்காதீங்க. இத நீங்க போட்டுப் பாத்தீங்களா?”

“எனக்குத்தான் ரெண்டு காலும் இருக்குதேம்மா.”

“அதான் சார் சொல்றன்.”

2. மாவுக்கட்டு

எங்கள் தலைமை மருத்துவர் நல்லவர்; ஆயினும் கோப்புகள் மூடப்படுவதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. “ட்ரயல்ல நடந்தாங்கல்ல? ஃபைல குளோஸ் பண்ணுங்க. சில பேருக்குக் கால் பொருந்திடும் சார், மனசு பொருந்தாது” என்றார்.

வேறொரு நாளாக இருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அஞ்சலையின் கடைசிச் சொல் என்னைவிட்டு அகலவில்லை. எங்கள் ஆலயத்தில் கிறிஸ்து பிறப்பு நாளன்று செய்தி கொடுப்பவர்களில் நானும் ஒருவன். கடவுள் மனிதரானார், ஆகவே நம் பசியும் களைப்பும் அவர் பட்டறிந்தவை என்று பல ஆண்டுகளாக அந்த மேடையில் சொல்லி வந்தேன். விண்ணகத்திலிருந்து அறிக்கை கேட்டு ஆட்சி செய்யாமல், தாயின் மடியில் அழும் குழந்தையாக வந்து சேர்ந்தவர் என்று அழகாகவும் சொல்லுவேன். சொல்லிவிட்டு, மறுநாள் பட்டறைக்கு வந்து, நாற்காலியில் அமர்ந்துகொண்டு, தரையில் குந்துகிறவர்களுக்குக் கால் செய்வேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். பட்டறையிலேயே என் இடக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டேன். அஞ்சலை என் மேசையில் விட்டுப்போன காலின் சாக்கெட்டை அளந்து, அதன் விளிம்பு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் என் முழங்காலின் பின்மடிப்பு வரையில் கட்டை ஏற்றினேன். கணுக்கால் மடங்காதபடி இறுக்கினேன். உள்ளே அதே ஸ்பாஞ்சு லைனரை வைத்தேன். வாயிலில் மருத்துவர் எதிர்ப்பட்டார்.

“அய்யோ, எங்க சார் விழுந்தீங்க?”

“விழல சார். எறங்கிப் பாக்கப் போறன்.”

அவர் விளங்காமல் தலையசைத்தார்.

காசியம்மாளும் அஞ்சலையும் எனக்கு முன்னே ஏறியிருந்த சிதம்பரம் பேருந்தின் முதற்படி எவ்வளவு உயரம் என்பதை அன்றுதான் என் உடம்பு கண்டது. நான் இடக்காலை முன்வைத்தேன். அது படியில் நின்றதே தவிர என்னைத் தூக்கவில்லை. “நல்ல கால மொதல்ல வையிங்க சார்!” என்று மேலேயிருந்து அஞ்சலை கத்தினார். பின்பக்கம், மீன்கூடைகளுக்கு நடுவே, அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றேன்.

“பெருசு, கட்டுப்போட்ட காலோட அங்க ஏன் நிக்கறீங்க? முன்னாடி சீட்டு இருக்குது, வாங்க” என்றார் நடத்துநர்.

“இல்ல தம்பி, இங்கதான் நிக்கணும்.”

“வேண்டுதலா?”

“அப்படித்தான் வச்சிக்கப்பா.”

காசியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கூடையிலிருந்து கசிந்த நீர் என் கட்டின் அடியை எட்டிவிட்டது.

3. சங்கராக் கூறு

அங்காடியில் காசியம்மாள் பலகையை எடுத்துப் போட்டார். “குந்துங்க சார்” என்றார் அஞ்சலை.

குந்த முயன்றேன். முழங்கால் மடியத் தொடங்கியதும் கட்டின் பின்விளிம்பு தொடையின் கீழ்ப்பகுதியைக் கத்திபோல் அழுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தாழ்ந்தேன்.

“இப்ப இடது காலால அருவாமணைய மிதிச்சுப் புடிங்க. அப்பதான் மீன் அறுக்கலாம்.”

மிதித்தேன். கணுக்கால் மடங்காத பாதம் குதிகாலில் மட்டும் நின்று வழுக்கியது. அடுத்த நொடியில் நான் பின்பக்கமாகச் சாய்ந்து பக்கத்துக் கடையின் சங்கரா மீன் கூறுகளின்மேல் அமர்ந்திருந்தேன். சந்தையே கூவியது.

“அந்தக் கூறு சாருக்குத்தான்! வேற யாரும் கேக்காதீங்க!”

அத்துடன் முடியவில்லை. அதற்குள் இருபது ஆண்டுகள் மாவுக்கட்டில் கை வைத்திருந்தவன், ஈரச் சந்தைக்கு மாவுக்கட்டோடு வரக்கூடாது என்பதை மறந்திருந்தேன். கட்டு நனைந்து கூழாகி, வெள்ளை நீராக ஓடத் தொடங்கியது.

“சார் காலு கரையுது!” என்றார் காசியம்மாள். “உன் கால் தேவல அண்ணி, முழுசாவாவது இருக்குது.”

கரைந்த கட்டைப் பிய்த்து எறிந்தபோது உள்ளிருந்த லைனர் கைக்கு வந்தது. மீன் நீரை முழுவதும் குடித்திருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோன நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“இதத்தான் சார் உங்ககிட்ட சொல்ல முடியல” என்றார். “கவுச்சி எங்க பொழப்பு. கூடையோட இருக்கும், குளிச்சா போயிடும். இது காலோட வூட்டுக்குள்ளயே வருது. எங்க வூட்டுக்காரரு பாயத் தள்ளிப் போட்டுட்டாரு.”

“எங்கண்ணன் மூக்கு அப்படி” என்றார் காசியம்மாள்.

“நாலு நாளு சோப்புப் போட்டு, வெயில்ல காய வச்சி, அப்புறந்தான் சாக்குல கட்டினன். உங்க மேசமேல நாறக்கூடாதுன்னு.”

அந்தக் கால் என் மேசைக்கு எவ்வளவு தூய்மையாக வந்தது என்பது நினைவுக்கு வந்தது. அதில் குறை காணாததற்கு அந்தத் தூய்மையே காரணம். என் கோப்பில் வலிக்கு ஒரு கட்டம் இருந்தது. கன்றலுக்கு ஒரு கட்டம் இருந்தது. வெட்கத்துக்குக் கட்டம் இல்லை.

வெறுங்காலை ஒரு வாளி நீரில் கழுவிக்கொண்டிருந்தபோது அஞ்சலை கேட்டார்: “சாரு வேதக்காரரு இல்ல? இதெல்லாம் உங்க சாமிக்கு வேண்டிக்கினு செய்யறதா?”

“வேண்டுதல் இல்லம்மா. எங்க சாமி மனுசனாவே பொறந்து நம்ம பாடு எல்லாத்தையும் பட்டாருன்னு நாங்க நம்பறோம். அத வாயால சொல்லிக்கினு இருந்தன். நீங்க கேட்டதும் சுருக்குன்னு இருந்துச்சி.”

“எங்க சாமிங்களும் மாசி மகத்துக்குக் கடலுக்கே வருதே. எங்ககூடவே முழுக்குப் போடும்” என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல். “உங்க சாமி கடலுக்கு வருமா?”

“அவரு கூட சுத்துனவங்கள்ல பல பேரு மீன் புடிக்கறவங்கதான். அசந்து போயி படகுலயே படுத்துத் தூங்குனவரு.”

“படகுலியா? அப்ப கவுச்சி தெரிஞ்சிருக்கும்.”

“நல்லாவே தெரியும்.”

“அப்ப சரி. கவுச்சி தெரிஞ்ச சாமின்னா பேசலாம்.” பிறகு, என் வெள்ளை படிந்த காலைப் பார்த்துச் சொன்னார்: “ஆனா சார், நீங்க சாயந்தரம் கழட்டிடலாம்னு தெரிஞ்சிதான் போட்டுக்கினு வந்தீங்க.”

உண்மையில், மாலை வரையில்கூட அது தாங்கவில்லை.

4. ஐப்பசி முதல் நாள்

ஒன்பது நாளில் வேறு கால் செய்தேன். சாக்கெட்டின் பின்விளிம்பை இரு விரற்கடை தாழ்த்தி, அதனால் குறைந்த பிடிப்புக்குத் தொடையில் ஒரு வார் கொடுத்தேன். ஸ்பாஞ்சு லைனரை நீக்கிவிட்டு, நாள்தோறும் துவைத்து மாற்றத்தக்க பருத்தி உறைகள் தந்தேன். அடியில் நீர் வடிய ஒரு சிறு துளை இட்டேன். பூட்சுக்கு ஏற்ற விறைத்த பாதத்தை எடுத்துவிட்டு, வெறுங்காலோடு குந்த வளைந்துகொடுக்கும் ரப்பர்ப் பாதம் வைத்தேன். இவற்றுள் ஒன்றுகூடப் புதுக் கண்டுபிடிப்பு அன்று. எல்லாம் எங்கள் அலமாரியிலேயே இருந்தவை.

ட்ரயல் அறைக் கம்பிகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, ஓர் அருவாமணை, ஒரு வாளி நீர் வைத்தேன். “என்ன சார், ட்ரயல் ரூமா மீன் மார்க்கெட்டா?” என்றார் மருத்துவர். அஞ்சலை குந்தி, அருவாமணையை மிதித்துப் பிடித்து, வாளி நீரைக் கால்மேல் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்ததும், மருத்துவர் கோப்பில் கையெழுத்திட்டார்.

ஐப்பசி முதல் நாள் அவர்களோடு செல்ல எண்ணியும் அந்தப் பேருந்தைத் தவறவிட்டேன். அடுத்ததில் சென்று இறங்கி அங்காடி வாயிலை அடைந்தேன். அஞ்சலையின் பலகையில் காசியம்மாள் குந்தியிருந்தார். சுற்றிலும் மற்ற பெண்கள் கூடைகளோடு பார்த்திருந்தார்கள். துறையில் மீன் எடுக்கத் தாமதமாகி வேறு பேருந்து பிடித்த அஞ்சலை எனக்குப் பின்னால்தான் வந்தார். கட்டைகள் இல்லை; மடித்துச் செருகிய புடைவைக்குக் கீழே ரப்பர்ப் பாதம் சேற்றில் பதிந்து எழுந்து வந்தது.

காசியம்மாள் எழுந்தார். “வா அண்ணி. எடத்த சூடு பண்ணி வச்சிருந்தன். இன்னும் அஞ்சி நிமிசம் ஆயிருந்தா என்னுதுன்னு சொல்லியிருப்பன்.”

“சொல்லித்தான் பாரேன்” என்ற அஞ்சலை, பலகையில் குந்தினார். இடக்கால் அருவாமணையில் அழுந்தியது. முதல் மீன் இரண்டாயிற்று. வாய் பிளந்து நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சார், தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க.”

என் பணிக்காலத்தில் நான் பெற்ற நற்சான்றுகளுள் அதையே முதலாவதாகக் கருதுகிறேன்.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புச் செய்தி எனக்குக் கடினமாக இருந்தது. சாயந்தரம் கழற்றிவிடலாம் என்று தெரிந்தே போட்டுக்கொண்டேன் என்று அஞ்சலை சொன்னதற்கு விடை தேடியே அதை எழுதினேன். நான் ஒரு நாள் அணிந்து கழற்றியது வேடம். கடவுள் எடுத்த உடல் அப்படியன்று. உயிர்த்தெழுந்த பின்னரும் அவர் அதைக் கழற்றி வைக்கவில்லை. ஆணித் தழும்புகளோடு வந்து நின்று, உண்ண ஏதேனும் உண்டா என்று கேட்டார். கொடுத்த மீனை வாங்கி உண்டார். மேடையில் இதைச் சொன்னபோது, இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்த செய்தியை முதன்முறையாக நானே கேட்டேன்.

தொழிலுக்கு நான் கற்றது இவ்வளவுதான்: காலை இழந்தவரின் இடத்தில் நாம் முழுவதும் நிற்க முடியாது, ஆனால் அவர் குந்தும் இடத்தில் ஒரு முறையேனும் குந்திப் பார்க்கலாம். அந்தப் பலகையும் வாளியும் நான் ஓய்வு பெறும் வரையில் ட்ரயல் அறையில் இருந்தன. கால் செய்தவர் முதலில் குந்திக் காட்டிய பிறகே அணிபவர் குந்த வேண்டும் என்பது பட்டறை விதியாயிற்று.

அவ்வாண்டுப் பண்டிகைக்கு முந்தைய நாள் அஞ்சலையிடம் வஞ்சிரம் வாங்கச் சென்றேன். மறுநாள் மேடையில் சொல்லவிருந்த, சாமி தன் உடலைக் கழற்றாத கதையை முதலில் அவரிடம் சொன்னேன். மீன் பிடித்த கை அருவாமணையில் நிற்க, கேட்டுக்கொண்டிருந்தார்.

“தழும்போடவா வந்தாரு?”

“தழும்போடத்தான்.”

“வந்து மொதல்ல மீனா கேட்டாரு?”

“அங்க அது இருந்துச்சி, குடுத்தாங்க.”

அஞ்சலை தன் ரப்பர்ப் பாதத்தால் அருவாமணையை ஒரு முறை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு கூடைக்குள் கைவிட்டு, நான் கேட்டதற்கு மேல் இரண்டு துண்டுகளை என் பையில் போட்டார்.

“இது ஜாஸ்தி ஆச்சேம்மா?”

“உங்களுக்கு இல்ல சார். அவருக்கு.”