நான் அடிக்காத அடி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். பதுளைப் பல்கலைக்கழகத்தில் பிரயோக பௌதிகவியல் இறுதி வருடம் படிக்கிறவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று இருப்பேன். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், நான் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஹல்துமுல்லைப் பக்கம் என் மாமா சுப்பையா இருக்கிற தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே உள்ள மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மழைக்கு மண் சரிந்தால் முதலில் போவது மாமாவின் வீடு. அந்த மண் எவ்வளவு ஆழத்துக்குத் தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதையே இறுதி வருட ஆய்வாக எடுத்துக்கொண்டோம், நானும், கூடப் படிக்கிற பண்டாரவளைக் கடைக்காரர் மகள் ருஷ்தாவும். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தரையில் இரும்புத் தகட்டை வைத்து சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும், அந்த அதிர்வை மண்ணில் நட்ட கருவிகள் பிடித்து லெப்டொப்புக்கு அனுப்பும், திரையில் அலை அலையாக வரும். முதல் அலை வந்ததும் நாங்கள் குதித்த குதியைப் பார்த்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

பகல் முழுக்க நன்றாகப் போனது. கடைசி இடம் லயத்துக்கு நேர் மேலே. அதற்குள் பனிமூட்டம் இறங்கி, கீழே தறப்பாள் கூடாரத்துக்குள் லெப்டொப்போடு இருந்த ருஷ்தா எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் நான் தெரியவில்லை. போனில்தான் பேச்சு. உதவிக்கு என்னோடு ஏறி வந்திருந்த மாமா, தகடு நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு அடி அடித்தேன்.

"வந்துருச்சு," என்றாள் ருஷ்தா. "ஏன் ரெண்டாந்தரம் அடிச்ச?"

"ஒருதரந்தானே அடிச்சேன்."

கீழே பாறை இருந்தால் அலை திரும்பி வரும், அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அது கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். இது ஆறுதலாக, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து வந்தது என்றாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. யாரும் பார்க்காத எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்றே நினைத்தேன். சோதித்துப் பார்க்க இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு அடி. அப்படியே திரும்பி வந்தது, இடைவெளியோடு. ருஷ்தா போனுக்குள் சிரித்தாள், நானும் சிரித்தேன். மறுபடி, மறுபடி, விதவிதமாக அடித்தேன். ஒவ்வொரு தடவையும் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றாக விழுந்தன.

அடுத்து மூன்று அடிக்கலாம் என்று மனதுக்குள் நினைத்தேன், வாய் திறந்து சொல்லவில்லை. சுத்தியலைத் தூக்கினேன்.

"மூணு. சரி, நல்லா விழுந்திருக்கு," என்றாள் ருஷ்தா.

சுத்தியல் என் தலைக்கு மேலேயே இருந்தது. மாமா தகட்டிலிருந்து கையை மெல்ல எடுத்தார்.

"நீ இன்னும் அடிக்கலையே புள்ள," என்றார். "தகடு அதிருது."

சுத்தியலைப் புல்லில் போட்டேன். அப்போது ருஷ்தாவின் குரல் மாறிவிட்டது. "கௌசி, போதும், நிப்பாட்டு. ஏன் இப்பிடி விடாம அடிக்கிற?"

"நான் அடிக்கல ருஷ்தா. சுத்தியல் கீழ கெடக்கு."

அவள் எதையோ ஓதுவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரை அடங்கிவிட்டதாம். மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார், நாங்கள் மூவரும் பெரகல சந்திக்கு வந்துதான் நின்றோம்.

ஆய்வை மேற்பார்க்கிற எங்கள் விரிவுரையாளர் சேர் பதிவைப் பார்த்துவிட்டு, "கேபிளுக்குள்ள தண்ணி போயிருக்கும், அந்தக் கடைசிப் பகுதிய விட்டுருங்க," என்றார். கேபிளை நாங்களே சோதித்தோம், சொட்டுத் தண்ணீர் இல்லை. மீதிப் பதிவே போதுமானதாக இருந்தது. மண் தளர்ந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது, அந்த லயத்து ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், மாமா குடும்பமும் இப்போது அப்புத்தளையில். சந்தோஷமான செய்திதான், எங்கள் ஆய்வைத் துறையில் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஆனால் அந்தக் கடைசிப் பகுதியை நான் அழிக்கவில்லை. ஒருநாள் உட்கார்ந்து, என் அடியையும் அதன் பதிலையும் ஒன்றொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். பிந்தி வந்தது, சேர்ந்து வந்தது, நான் நினைத்து அடிக்காமல் விட்ட அந்த மூன்று முந்தி வந்தது. கடைசியாக விடாமல் வந்ததே, அதற்கு மட்டும் நான் அடித்ததிலும் ஜோடி இல்லை, நினைத்ததிலும் இல்லை. அது முந்தி வந்த பதில் என்றால் அதற்குரிய அடி இன்னும் விழவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரும்பில் சுத்தியல் பட்டால் அலை ஊசி மாதிரி கூராக எழும். இந்தக் கடைசி அலைகளில் அந்தக் கூர் இல்லை. உள்ளங்கையால் தட்டினால் வருமே, அப்படி மழுங்கலாக இருக்கின்றன. ஒரே ஒரு ஆளின் கை மாதிரியும் இல்லை, மண்ணுக்குள்ளிருந்து பல பேர் சேர்ந்து தட்டுகிற மாதிரி.