நான்காவது வேண்டாம் கடிதம்

எங்கள் அலுவலகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. 'வேண்டாம் கடிதம்' என்றால் எல்லோருக்கும் புரியும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்து, வெளியூர் போக முடியாத நிலை என்றால், இந்தத் தடவை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அடுத்த மூன்று வருஷத்துக்குப் பெயர் பட்டியலில் ஏறாது. கடிதத்தில் காரணம் என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

நான் டைப் அடித்த வேண்டாம் கடிதங்களில் முக்கால்வாசி பெண்களுடையவை. ஆண்களைக் கடலூருக்கு என்ன, கன்னியாகுமரிக்கே போட்டாலும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். வீட்டை யார் பார்ப்பது என்று அவர்கள் யோசித்து நான் பார்த்ததில்லை. நானும் யோசித்தவன் இல்லை. ஆகையால் இந்த விஷயத்தில் நியாயம் பேச எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது.

சூடாமணி அம்மா எங்கள் தேனாம்பேட்டை அலுவலகத்தில் அசிஸ்டெண்ட். நான், சுயம்புலிங்கம், அதே பிரிவில் டைப்பிஸ்ட். அவர் வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில். கணவர் ஸ்ரீரங்கன் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரே பெண் சுப்புலக்ஷ்மி. காலையில் ஈரத் தலையின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து உட்காருவார். தலை உலர மத்தியானம் ஆகும். ஐந்து மணிக்கு மேல் ஒரு நிமிஷம் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. ஐந்து மணி வரை ஒரு நிமிஷம் சும்மா இருந்தும் பார்த்ததில்லை.

வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எவ்வளவு சிக்கலான ஃபைலாக இருந்தாலும் அரைப் பக்கத்தில் குறிப்பு எழுதிவிடுவார். அதற்கு மேல் எழுத யாருக்கும் ஒன்றும் இருக்காது. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட மூன்று பேர் சூப்பரின்டெண்ட் ஆகி அவருக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகும், இதற்கு எப்படி எழுதுவது அம்மா என்று அவர் மேஜைக்கே வந்து நின்றார்கள். எனக்கு வயிறெரியும். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார்.

முதல் கடிதம் 1964-ல். சுப்புலக்ஷ்மிக்கு அப்போது பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வருகிற காசநோய். தினமும் ஊசி. இரண்டாவது 1967-ல், மாமியார் படுத்த படுக்கை. மூன்றாவது 1970-ல், ஸ்ரீரங்கன் சாருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்றையும் நான்தான் அடித்தேன். முதல் இரண்டும் இங்கிலீஷில். மூன்றாவதற்குள் தமிழ் டைப்ரைட்டர் வந்துவிட்டது. அதன் கார்பன் பிரதி ஒன்றை என் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். தேதியையும் காரண வரியையும் மாற்றினால் அடுத்த கடிதம் தயார்.

1973 ஜூன் மாதம் பட்டியல் வந்தது. கடலூர் அலுவலகத்துக்கு சூப்பரின்டெண்ட், முதல் பெயர் அவருடையது. அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அன்றைக்கு அவர் லீவு. சுப்புலக்ஷ்மியின் ஜாதகம் எங்கேயோ போயிருப்பதாக அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். பாவம், வந்து என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பானேன் என்று நினைத்தேன். கார்பன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, 'மகளுக்கு வரன் பார்த்து வருவதால்' என்று காரணம் போட்டு, அழகாக அடித்தேன். என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்தாக வேண்டிய காகிதங்களில், கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, அடுக்கி நீட்டுவேன். யாரும் படிப்பதில்லை. குறியைப் பார்ப்பார்கள், போடுவார்கள். மறுநாள் சூடாமணி அம்மா ஒரு அவசர ஃபைலில் மூழ்கியிருந்தபோது ஏழெட்டுக் காகிதத்தை நீட்டினேன். பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே வரிசையாகப் போட்டுத் தள்ளினார். அதில் ஐந்தாவது காகிதம்தான் அந்த வேண்டாம் கடிதம். தபாலில் சேர்த்துவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ஏதோ வெட்கம்.

"சுயம்புலிங்கம், இந்தத் தடவை நான் போறதா இருக்கேன். ஆத்துல எல்லாரோடயும் பேசியாச்சு. ஆர்டர் எப்போ வரும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றேளா?"

வேண்டாம் கடிதம் இன்னும் போகாமல் இருக்குமோ? எழுந்து தபால் மேஜைக்குப் போனேன். தலைமை அலுவலகத்துக்கு சைக்கிளில் தபால் கொண்டுபோகிற பியூன் மண்ணாங்கட்டி அங்கே பீடியைக் காதில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அது நேத்து காலைலயே பூட்ச்சு சார். கையெழுத்துகூட வாங்கிக்கினு வந்துட்டேன்," என்றான்.

திரும்பி வந்து அவரிடம் எதையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் அப்போது என் வீடு. என் மனைவி இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். நல்லது நினைத்துத்தான் செய்தேன், அவர் குடும்பம் எனக்குத் தெரியாதா, ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேனே என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று பார்த்தால் என்மேல்தான்.

மறுநாள் காலையில் பிரிவில் யாரும் வருவதற்கு முன்னால் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஈரத் தலை முடிச்சை அவிழ்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் என்னென்னவோ மன்னிப்புச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உங்க மேல இல்லை. நீங்க சொன்னவுடனே, ஒரு நிமிஷம், அப்பாடான்னு இருந்தது. போக வேண்டாம், யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம், தப்பு என்னோடது இல்லைன்னு. அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் அழறேன்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வீட்டில் பேசியாச்சு என்று லேசாகச் சொன்னாரே, அது, மூன்று வருஷம் முடிவதால் பெயர் வரும் என்று தெரிந்து, பட்டியலுக்கு முன்னாலேயே தொடங்கின பத்து நாள் பேச்சாம். ஜாதகம் போன விஷயத்தை சுப்புலக்ஷ்மியே நிறுத்தச் சொல்லிவிட்டாளாம், பி.ஏ. முடிக்கட்டும் என்று. அம்மா நீ போ, நானும் அப்பாவும் பார்த்துக்கறோம் என்றும் அவள்தான் முதலில் சொன்னாளாம். ஸ்ரீரங்கன் சார் முதல் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நாலாவது நாள் சமையலறைக்குள் வந்து, அடுப்பை எப்படிப் பற்ற வைக்கறது, காட்டு என்றாராம். அதைச் சொல்லும்போது சூடாமணி அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை. அவர் அப்படி அழுததை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

இந்தத் தடவை தவறினால் அடுத்தது அவருடைய ஐம்பதாவது வயதில்தான். ஐம்பதில் யார் புதிதாக ஊரும் வேலையும் மாறுவார்கள்? இருவருமாக அதிகாரி கனகராஜின் அறைக்குப் போனோம். கெட்டவர் இல்லை, ஆனால் காகிதத்தில் இல்லாதது எதுவும் உலகத்தில் இல்லை என்று நினைக்கிறவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அதற்கும் ஒரு கடிதம் வேண்டும், வெள்ளிக்கிழமை பட்டியல் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றார். ஏன் மனம் மாறினீர்கள் என்று காரணம் தெளிவாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அறைக்கு வெளியே வந்ததும் எங்களுக்குள் சண்டை. என் தவறு என்று நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கூடவே கூடாது என்றார். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தானே, உங்களுக்கு எதற்கு மெமோ என்றார். எனக்குப் பிடிவாதம் வந்தால் என் அப்பாவே பயப்படுவார். கேட்காமலேயே டைப் அடித்தேன், சொல்லாமலேயே கையெழுத்து வாங்கினேன் என்று என் விளக்கத்தை எழுதி அதிகாரி மேஜையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். மெமோ வந்தது. என் சர்வீஸில் வாங்கிய மெமோக்களில் முறைத்துக்கொள்ளாமல் வாங்கியது அது ஒன்றுதான்.

அவருடைய கடிதத்துக்குக் காகிதம் சொருகினேன். பெயர், பதவி, பொருள், பார்வை எல்லாம் அடித்தாகிவிட்டது. காரண வரி வந்தது. என் விரல் நின்றுவிட்டது. வேண்டாம் என்பதற்கு எனக்கு நூறு காரணம் தெரியும். வேண்டும் என்பதற்கு இதுவரை யாரும் காரணம் சொல்லி நான் அடித்ததில்லை.

"காரணம் என்ன போடட்டும் அம்மா?" என்று கேட்டேன். ஒன்பது வருஷத்தில் அவரிடம் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மவுண்ட் ரோடில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. குடும்பச் சூழ்நிலை சரியாகிவிட்டது என்று போடலாமே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். புத்தி எங்கே போகும்? அவர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம். குடும்பத்தை இதுல இழுக்காதேங்கோ. எனக்கு ஆசையா இருக்குன்னு போடுங்கோ."

அப்படியே அடித்தேன். 'அந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.' அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நான் பென்சில் குறி போடவில்லை. கனகராஜ் அந்த வரியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஆசை என்று எழுதக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லாததால் மேலே அனுப்பிவைத்தார். அடுத்த புதன்கிழமை ஆர்டர் வந்தது. பிரிவில் எல்லோருக்கும் அவர் காசில் பாதாம் அல்வா. நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூடாமணி அம்மா பாரிமுனையில் கடலூர் பஸ் ஏறினார். வழியனுப்ப நானும் போயிருந்தேன். சுப்புலக்ஷ்மி, ரசத்துக்கு என்ன அளவு, பால்காரருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லிப் பல தடவை கேட்டாளாம். அவர் எழுதித் தரவே இல்லை. எழுதிக் கொடுத்தால் பாதி நான் இங்கேயே இருக்கிற மாதிரி ஆகிவிடும் என்று சொல்லிவிட்டாராம். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஸ்ரீரங்கன் சார் ஜன்னல் ஓரமாகப் போனார். இந்தச் சனிக்கிழமை ஓடி வராதே, ஒரு நல்ல அறையாகப் பார்த்துக்கொள், ஊரைப் பார், அப்புறம் வா என்று சொன்னார். சூடாமணி அம்மா சரி என்று தலையாட்டினார். பஸ் போய்விட்டது.

சுப்புலக்ஷ்மி சிநேகிதி வீட்டுக்குப் போக, நானும் ஸ்ரீரங்கன் சாரும் ஒன்றாக பஸ் ஏறி லஸ்ஸில் இறங்கினோம். வெயிலில் மெதுவாக நடந்தார். கச்சேரி ரோடு திரும்பினோம். அப்புறம் ஏதோ தப்புக் கணக்குப் போட்ட பையன் வாத்தியாரிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்.

"உங்க லெட்டர் போயிடுத்துன்னு அவ வந்து சொன்னப்போ, எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்தது சார். இனிமே போகமாட்டா, இங்கேயே இருப்பான்னு. அவகிட்ட நான் அதைச் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதேங்கோ."

சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மனுஷரைத் தனியாகக் குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை.

"அவங்களுக்கும் ஒரு நிமிஷம் அப்பாடான்னுதான் இருந்துச்சாம் சார். என்கிட்ட சொல்லி அழுதாங்க," என்றேன்.

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ரிக்‌ஷாக்காரன் ஒதுங்கச் சொல்லி மணியடித்தான். நான் அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு, நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியும் போனாளே," என்றார்.