அப்பா பெயரில் நான் எழுதிய தேர்வு

அப்பாவுக்குக் கன்னடம் பேசுவது தண்ணீர் பட்ட பாடு. ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கடைக்காரரிடம் பேரம் பேசுவதும், போலீஸ்காரரிடம் குழைவதும், கோபம் வந்தால் திட்டுவதும் கன்னடத்தில்தான். ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. ஆங்கிலமும் அப்படியே. படித்தது தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக லேத் ஓட்டியவருக்கு அது ஒரு குறையாகவே இருந்ததில்லை. சுழலும் இரும்புத் தண்டில் கையால் உளியை நகர்த்திக் கடைகிற வேலையில் படிப்பதற்கு ஒன்றும் கிடையாது.

அப்போது நான் பி.காம் இரண்டாம் வருஷம். ஒருநாள் கம்பெனியில் எல்லோருடைய போனிலும் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார்கள். பழைய லேத்துகளை எடைக்குப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடும் லேத்துகளைக் கொண்டுவரப் போகிறார்களாம். ஆப்பில் இருக்கும் வீடியோ பாடங்களைப் பார்த்து முடித்து, வீட்டிலிருந்தே தேர்வு எழுத வேண்டும். இருபத்தைந்து கேள்வி. நூற்றுக்கு அறுபது எடுத்தால் போதும். எடுக்காதவர்களைப் பேக்கிங் பக்கம் அனுப்பிவிடுவார்கள். பேக்கிங்குக்குப் போன எவரும் அந்தக் கம்பெனியில் ஆறு மாதம் தாண்டியதில்லை என்று அப்பா சொன்னார்.

பாடங்களை அவர் மெட்ரோவில் போக வரப் பார்த்தார். ஹலசூரிலிருந்து பீன்யாவுக்கு நல்ல தூரம், நேரம் இருந்தது. ஆனால் ஹெட்போன் கிடையாது. பத்துப் பேர் நடுவில் சத்தம் வைக்கக் கூச்சம். ஆகவே கன்னடத்தில் அழகாக விளக்கிய அத்தனை பாடத்தையும் ஊமைப்படமாகவே பார்த்து முடித்தார். ஆப்பும் ஒவ்வொன்றுக்கும் ‘முடிந்தது’ என்று பச்சை டிக் போட்டது. இதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தொடங்கும்போது ஆப் முகத்தைப் படம் பிடிக்கும் என்பதால் அப்பா தலைவாரி, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படம் எடுத்து முடிந்ததும் போனை என் பக்கம் தள்ளினார்.

“நீ படிச்சு சொல்லு பாப்பா. பதில் நான் சொல்றேன்.”

ஒரு கேள்விக்கு நாற்பத்தைந்து விநாடி. ஆங்கிலத்தில் இருந்த முதல் கேள்வியைப் படித்துத் தமிழில் சொன்னேன். அப்பா மோவாயைத் தடவிக்கொண்டு, “அது வந்து, நம்ம லேத்துல இன்னா பண்ணுவோம்னா...” என்று ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்ததிலேயே நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது கேள்வியை அவசரமாகப் படித்து, அவர் வாயைத் திறக்குமுன் நானே பதிலைத் தொட்டேன். முந்தின நாள் எல்லாப் பாடத்தையும் நான் பார்த்து வைத்திருந்தேன். மூன்றாவது கேள்வியில் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் படம் கண்ணில் பட்டது. அதைத் தொட்டால் கேள்வியைக் கன்னடத்தில் வாசித்துக் காட்டும், நேரமும் கூடுதலாகக் கிடைக்கும். அப்பா தானே எழுதியிருக்கலாம். நான் பார்த்தேன், தொடவில்லை. எனக்குச் சரியான விடைகள் மேல் ஒரு வெறி உண்டு. வரிசையாகப் பச்சை விழுவதைப் பார்க்க அவ்வளவு ருசியாக இருந்தது. அதன் பிறகு ஒரு கேள்வியைக்கூட நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. அப்பா பக்கத்தில் நல்ல சட்டையோடு சும்மா உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூற்றாறு. போன நாலு மார்க் அந்த முதல் கேள்வி. அதற்கும் அவரைக் கோபித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த எண்ணை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். தொழிற்சாலையிலேயே அப்பாதான் முதல். சூப்பர்வைசர் கைகுலுக்கி, “நீவே ஃபர்ஸ்ட்” என்று சொல்லி, வந்திறங்கிய புது மெஷினை அவரிடமே கொடுத்தார். அறுபதும் எழுபதும் எடுத்தவர்களுக்கு ஒரு மாதம் பக்கத்தில் ஆள் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். தொண்ணூற்றாறு எடுத்தவருக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்?

புது மெஷினில் வேலை தொடங்கிய அன்று சாயங்காலம் அப்பா டீயைக்கூடத் தொடவில்லை. “கண்ணாடிக் கதவு போட்டு மூடி வெச்சிருக்காங்கம்மா. உள்ள இரும்பு இன்னா சொல்லுதுன்னே கேக்கல,” என்றார். அவர் காதால் வேலை செய்கிறவர். வெட்டுகிற சத்தத்தையும், சுருண்டு விழும் இரும்பின் நிறத்தையும் வைத்துத்தான் உளி சரியாகப் போகிறதா என்று சொல்வார். புது மெஷினில் கதவைத் திறந்தால் எல்லாம் தானாக நின்றுவிட வேண்டும். ஆனால் அதை ஏமாற்ற ஒரு சாவி உண்டு. மெஷினைப் பழுது பார்க்கிறவர்களுக்கான அந்தச் சாவி மெஷினிலேயே செருகி இருந்தது. அதைத் திருகி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தபடி ஓட்டுவதாக அவர் சொன்னார். ஏழாவது கேள்வி அதுதான். சுழலும்போது எப்போது கதவைத் திறக்கலாம்? ‘ஒருபோதும் கூடாது.’ நான் ஒரு நொடியில் தொட்ட பதில்.

“திறக்கக் கூடாதுப்பா. பாடத்துலயே சொல்லியிருக்கான்.”

“சரிம்மா, சரி,” என்றார்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. கல்லூரியில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தால் பாதி வகுப்பில் எழுந்து வெளியே ஓடுவேன். பழைய மதராஸ் ரோட்டில் ஆம்புலன்ஸ் போனால், அது எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பிப் பார்ப்பேன். இருபத்தைந்து கேள்விகளையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் முகம் சுருங்கிவிட்டது. பெற்ற பெண்ணிடம் தன் வேலையையே பாடம் கேட்பது அவருக்குத் தாங்கவில்லை. “ஆய்த்து, போதும் விடும்மா, பழகிடும்,” என்று நோட்டை மூடினார்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் புருவத்தில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கம்பி இடித்துவிட்டது என்றார். அம்மா நம்பினாள். ஆனால் அப்பா பஸ்ஸில் போவதில்லை. முகம் கழுவச் சட்டையைக் கழற்றியபோது கழுத்திலும் நெஞ்சிலும் சூடான இரும்புத் தூள் பட்டுச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். குழாயடியில் அம்மா காதில் விழாமல் கேட்டேன்.

“டூல் போய் மோதிடுச்சு. நம்பர் தப்பா போட்டுட்டேன். முனை ஒடஞ்சு தெறிச்சுது,” என்றார். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, “கண்ணுக்கு இவ்ளோண்டு மேல,” என்று விரலால் காட்டினார்.

ஒரு நகத்தின் அகலம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தேர்வை எழுதியது நான்தான் என்று சூப்பர்வைசரிடம் வந்து சொல்கிறேன் என்றேன். அப்பா என் வாயைப் பொத்தாத குறைதான். “சொன்னின்னா ஏமாத்துனவன்னு அன்னிக்கே வெளிய அனுப்பிடுவான். இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்? சும்மா இரு.”

சும்மா இருந்தேன். ஆனால் ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஏழாவது கேள்வி, அப்பாவின் பெயர், நல்ல சட்டை போட்ட அவருடைய படம், பக்கத்தில் பச்சை டிக். நாளைக்கே கண்ணோ கையோ போனால் கம்பெனிக்காரர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இவருக்குத் தெரியும், தெரிந்துதான் திறந்தார் என்பார்கள். அதற்குச் சாட்சியை என் விரலாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறுபது எடுத்திருந்தால் ஒரு மாதம் யாராவது பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். மறுபடி தேர்வு வந்தபோது அப்பாவிடம் அந்த ஒலிபெருக்கிப் படத்தைக் காட்டினேன். முதல் தடவையே அதைப் பார்த்துவிட்டதையும் சொன்னேன். அவர் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் சமையலறையில் அம்மாவோடு நின்று, ஆப் கன்னடத்தில் கேள்வி கேட்பதையும், அப்பா அதற்கு “ஹௌதப்பா” என்று ஆமாம் போட்டு முனகுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பதிலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்த அரைமணி நேரம் பயந்ததுபோல் என் சொந்தத் தேர்வுக்குக்கூட நான் பயந்ததில்லை.

அறுபத்துநான்கு. அம்மாவுக்கு ஏமாற்றம். போன தடவை அவ்வளவு எடுத்தீர்களே என்றாள். நான் போனைப் பிடுங்கி, கதவைப் பற்றிய அதே ஏழாவது கேள்விக்குப் போனேன். பச்சை. அவரே கேட்டு, அவரே யோசித்து, அவர் விரலால் தொட்ட பச்சை. ஒரு வருஷத்துக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது.

“கரெக்டா போட்டிருக்கப்பா!”

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே புருவத் தழும்பைத் தடவினார்.

“தெரியும்மா. தப்பா போடுவனா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஆனா கதவ மூடுனா உள்ள சத்தம் கேக்க மாட்டேங்குதே.”