தங்கமணியின் பம்புக்குக் கடைந்த புஷ்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் எழுந்துபோய் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இதைக் கேட்ட பிறகு சோறு இறங்காது. பயத்தினால் இல்லை, குமட்டலினால்.

பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, வெள்ளைப் புடவை என்றுதானே கேட்டிருக்கிறீர்கள்? நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. திங்கட்கிழமை, பிற்பகல் ஒன்றே காலிலிருந்து மூன்று மணிக்குள். எனக்கே நடந்தது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அப்போது நாங்கள் கச்சிராயபாளையத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு இரும்பு கடைகிற லேத் மிஷின் பைத்தியம். யாரும் சொல்லித்தரவில்லை. ஐ.டி.ஐ. பையன்கள் படித்துத் தள்ளிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறை வாசலில் நின்று நின்று பார்த்தேன். அவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, உள்ளங்கை அளவு நீராவி இன்ஜின், விளக்குத் திருகு, பம்பரம் என்று ஆசைக்குக் கடைந்துகொண்டிருந்தேன். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னுடைய சின்ன லேத் தேய்ந்துபோய், நைனார்பாளையத்தில் சுப்புராயன் என்பவரிடம் ஒரு பழைய லேத் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். நீங்கள் யாராவது பழைய லேத் வாங்கினால் பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வேலைத்துண்டைப் பிடிக்கும் தலை இருக்கிறதே, சக் என்பார்கள், அதன் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். சக்குக்குக் கிட்டே படுக்கைப் பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் வேண்டாம். இந்த மிஷினில் ஆட்டமும் இல்லை, பள்ளமும் இல்லை. இருபது வருஷ மிஷின், நேற்றுச் செய்தது போல இருந்தது.

வண்டியில் ஏற்றும்போது சுப்புராயன் அதை வெறுங்கையால் தொடவில்லை. கைக்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எண்ணெய்ப் பிசுக்குக்காக என்று நினைத்தேன்.

கொட்டகையில் இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டினேன். ஒயரையும் மாட்டி வைத்தேன். சாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். மிஷினுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. பழைய மிஷின் வந்தால் முதல் வேலை, அடியில் இருக்கிற தட்டைக் காலி செய்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவது. அடுத்தவர் எச்சில் தட்டில் நாம் சாப்பிடுவோமா? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். என் தப்பு அதுதான்.

அதற்குள் போராட்டம் வந்துவிட்டது. எண்பத்தேழு, புரட்டாசி மாதம். இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடை இல்லை. கள்ளக்குறிச்சிக்குப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். எப்போதும் ஹாரன் கேட்கிற ரோட்டில் காக்கைச் சத்தம்தான் கேட்டது.

திங்கட்கிழமை மதியம் தங்கமணி வந்தாள். அணைப் பக்கம் குத்தகைக்குக் கரும்பு வைத்திருந்தவள். மறியலுக்குப் போன புருஷனைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, தேய்ந்துபோன வெண்கல வளையம் ஒன்றை என் கையில் வைத்தாள். டீசல் இன்ஜின் பம்பில் தண்டைத் தாங்கி நிற்கிற புஷ். ஒரு பக்கம் நகம்போல மெலிந்திருந்தது. பம்பு தண்ணீர் இழுக்கவில்லை.

"கரும்புக் கரணை ஊனி பன்னண்டு நாளாச்சிக்கா. நாளைக்குத் தண்ணி பாயலன்னா கருகிப்பூடும். அப்பறம் நெலத்துக்காரரு குத்தகைய வேற ஆளுக்கு மாத்திடுவாரு."

"கடையில கெடைக்காதா?"

"எந்தக் கடைக்கா தொறந்து இருக்குது? வாத்தியார் பொண்டாட்டி இரும்பு சீவிக்கினு இருக்காங்கன்னு நானும்தான் சிரிச்சேன். இன்னிக்கி உங்க வாசல்ல வந்து நிக்கறேன். போதுமா?"

சிரிப்பு வந்தது. மூன்று மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள் என்று அனுப்பிவைத்தேன். சின்ன லேத்தில் அந்த அளவு புஷ் பிடிக்காது. புதிதாக வந்ததில்தான் கடைய வேண்டும். கழுவ நேரமில்லை.

ஒன்றே கால். பின்வாசலில், கொட்டகையிலிருந்து பார்த்தாலே தெரிகிற, சாவி கொடுக்கிற சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கொட்டகைக்குள் போனேன்.

முதலில் நாற்றம். லேத்தில் சோப்பு ஆயில் என்று ஒன்றை ஊற்றுவார்கள், தண்ணீரில் கலந்தால் பால்போல இருக்கும். நாள்பட்டால் புளிக்கும். அந்தப் புளிப்பு எனக்குப் பழக்கம். இது அதுவல்ல. மூடியே வைத்த வாயைத் திறந்தால் அடிக்குமே, அந்த வாடை. தட்டில் கறுப்பாகத் தேங்கி, மேலே பாலாடைபோல ஏடு கட்டியிருந்தது. ஒரு கம்பியால் விலக்கினேன். கம்பியில் முடி வந்தது. நீளமான முடி. எண்ணெய் தடவி வாரிய முடி.

யாரோ பெண்பிள்ளை கூட்டித் தள்ளியது என்று சொல்லிக்கொண்டேன்.

தலைமுடியை இறுக்கக் கொண்டை போட்டு, துண்டால் கட்டி, முந்தானையைச் செருகினேன். லேத் முன்னால் நிற்கும்போது தொங்குவது எதுவுமே இருக்கக் கூடாது கண்ணுகளா. கையுறைகூடக் கூடாது. கொட்டகையில் கிடந்த வெண்கலத் துண்டு ஒன்றைச் சக்கில் வைத்து, சக்கை இறுக்குகிற சாவியால் முறுக்கி, சாவியை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினேன். சாவி சக்கிலேயே இருக்க ஓட்டினால், அது பறந்து வந்து மண்டையைப் பிளக்கும். அதனால் அதை மட்டும் நான் மறந்ததே இல்லை.

உளி முனை நடு மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மெல்லிய இரும்பு ஸ்கேலை உளிக்கும் துண்டுக்கும் நடுவில் லேசாக அழுத்துங்கள். ஸ்கேல் நேராக நின்றால் சரி. நின்றது. பச்சைப் பொத்தானில் கை வைக்கப் போனேன்.

சாவி சக்கில் இருந்தது.

ஆணியைப் பார்த்தேன். ஆணி காலி.

பதற்றத்தில் மறந்திருப்பேன்... அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உருவி எடுத்தேன். ஈரமாக இருந்தது. இந்த முறை கொட்டகைக்கு வெளியே, துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்று நாற்பது. பொத்தானை அழுத்தினேன். ஓடியது.

மோட்டார் கிளம்பும்போது முதலில் ஒரு உறுமல் வரும். அது வரவில்லை. பெல்ட் சத்தம் மட்டும்... தப்... தப்... தப்... என்று. நல்ல மோட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வெண்கலத்துக்கு எண்ணெய் தேவையில்லை. காய்ந்தபடியே கடையலாம். அதனால் சோப்பு ஆயில் குழாயை மூடியேதான் வைத்திருந்தேன். ஆனாலும் சொட்டியது. என் மணிக்கட்டில் ஒரு சொட்டு. வெதுவெதுப்பாக. கொழகொழவென்று. புடவையில் துடைத்தேன். நூல் நூலாக இழுத்தது.

எச்சில்.

இரண்டு பத்து. வெண்கலம் கடைந்தால் பொடிப்பொடியாகச் சிதறும். இரும்புதான் சுருள் சுருளாக வரும். இது சுருளாக வந்தது. மஞ்சளாகக்கூட இல்லை. வெளுப்பாக, வளைந்து வளைந்து, உடையாமல் ஒரு முழ நீளம். கொக்கியால் இழுத்தேன். கனமே இல்லை. கையில் எடுத்துப் பார்த்தேன்.

நகம் வெட்டினால் விழுமே... அந்தப் பிறை. முழ நீளத்துக்கு.

அங்கேயே ஓரமாக வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். நாளைக்குத் தண்ணீர் பாயவில்லையென்றால் அந்தப் பெண் நடுத்தெருவில் நிற்பாள். அது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

இரண்டு இருபத்தைந்து. உள்துளை குடையக் குனிந்தேன். துளைக்குள் பார்க்க வேண்டும். முகம் சக்குக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது.

தலையில் கட்டிய துண்டு அவிழ்ந்தது.

காற்று இல்லை. நான் அசையவில்லை. முடிச்சுத் தானாகவே... மெதுவாக...

கொண்டை சரிந்தது. ஒரு முடி மட்டும் என் முகத்துக்கு முன்னால் நீண்டது. தொங்கவில்லை. நேராக, சக்கைப் பார்த்து, விறைப்பாக.

இன்னொன்று.

இன்னொன்று.

உறிஞ்சுகிற சத்தம்...

தலையைப் பின்னால் இழுத்தேன். உச்சியில் சுரீரென்றது. முடி கொத்தாகப் போய்விட்டது.

சிவப்புப் பொத்தானை அழுத்தக்கூட இல்லை. ஓடினேன்.

துவைக்கிற கல்லருகே நின்று கேட்டேன். உள்ளே மிஷின் ஓடியது. ஆள் நின்று வேலை செய்வது போலவே ஓடியது. கடையும் சத்தம். நிற்கும். கைப்பிடி சுற்றும் சத்தம். மறுபடி கடையும். இடையிடையே... ளக்... ளக்... ளக்... நாய் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

இரண்டு நாற்பத்தேழுக்கு நின்றது.

மூன்று மணிக்குத் தங்கமணி வந்துவிடுவாள். கையில் விறகுக்கட்டையோடு உள்ளே போனேன்.

புஷ் முடிந்திருந்தது. வெட்டி எடுத்து, இரண்டு முகமும் தேய்த்து, உளி தாங்கியின் மேல் நிறுத்தி வைத்திருந்தது. அளந்து பார்த்தேன். முடி அளவுகூட வித்தியாசம் இல்லை. என் கைக்கு அந்தச் சுத்தம் ஒருநாளும் வந்ததில்லை.

கீழே தட்டு காலி. அந்தக் கறுப்பு ஆயில், ஏடு, முடி, வெளுத்த சுருள், ஒன்றும் இல்லை. நக்கித் துடைத்தது போலப் பளபளவென்று இருந்தது.

வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டேன், எரியவில்லை. ஓ, கரண்டு போய்த்தான் மிஷின் நின்றிருக்கிறது என்று மனசை ஆற்றிக்கொண்டேன். புஷ்ஷை மூன்று தரம் மண்ணெண்ணெயிலும், ஒரு தரம் புளி போட்டும் கழுவினேன். தங்கமணி வந்தாள். கொடுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வாங்குவாளா? வாங்காவிட்டால் கரும்பு என்ன ஆகும்? கொடுத்த கையை அன்று ராத்திரி வரைக்கும் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

வியாழக்கிழமைதான் லைன்மேன் தங்கதுரை வந்து தெருக்கம்பத்தில் ஏறினார். தங்கமணியும் அப்போது என் வாசலில் நின்றிருந்தாள். பம்பு நன்றாக இழுக்கிறது, செவ்வாய்க்கிழமையே தண்ணீர் கட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக வந்தவள். இறங்கி வந்த தங்கதுரைக்கு மோர் கொடுத்துக்கொண்டே, திங்கட்கிழமை மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன கரண்டு, இன்றைக்குத்தான் வந்திருக்கிறது என்று குறைப்பட்டேன்.

"மூணு மணியா? இல்லீங்கம்மா. அன்னிக்கிக் காலையில பத்தரைக்கே மரம் சாஞ்சி லைன் அறுந்துபோச்சி. பதினோரு மணிக்கு நான்தான் இந்தத் தெரு ஃபியூஸ் கட்டையப் புடுங்கினேன். மூணு நாளா என் பையிலதான் கெடந்துச்சி. இப்பத்தான் திருப்பி மாட்டினேன்."

அவர் மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

தங்கமணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் உச்சந்தலையை, அங்கே ரூபாய்க் காசு அகலத்துக்கு வழுக்கையாகச் சிவந்திருந்த இடத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு, புதுசாகக் கடைந்த புஷ்ஷைக் கையில் வாங்கிப் போனவள் அவள்.

"அப்ப எதுலக்கா கடைஞ்சீங்க?"

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து அந்த இடத்தை மூடினேன்.

கொட்டகைப் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில் சொன்னாள்.

"தண்ணி வருதுக்கா. நான் ஒண்ணும் கேக்கல."

போய்விட்டாள். கரும்பு பிழைத்தது. குத்தகையும் பிழைத்தது. அறுவடையின்போது ஒரு கட்டு கொண்டுவந்து வாசலில் போட்டாள். அவளும் கடிக்கவில்லை, நானும் கடிக்கவில்லை.

போதும் கண்ணுகளா, கையைக் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிற்கட்டும். அடுப்பில் சோறு மணக்கட்டும். ஆசைக்கு உளி பிடிக்கிற பிள்ளை எவர் வீட்டில் இருந்தாலும், பத்து விரலும் பத்திரமாக, தலை நிறைய முடியோடு நூறு வயசு இருக்கட்டும்.