திரும்பி வருவார் என்று ஒரு கடிதம்

கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடை. ஆணி, பைப், பெயிண்ட் வாளி எல்லாவற்றுக்கும் எட்டு வருடம் நான்தான் பொறுப்பு. வீடு புசல்லாவையில். காலையும் மாலையும் பஸ்ஸில் நின்றே போய்வந்து, உட்கார்ந்திருப்பவர்களின் உச்சந்தலையை வைத்தே ஆளைச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். அப்போதுதான் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஹோட்டலில் ஸ்டோர்ஸ் கீப்பர் வேலை இருப்பதாகத் தெரிந்தது. எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். வரும்போது இப்போதைய முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம்.

இந்த முறையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ. விட்டுப் போகிறேன் என்று சொல்லாமல், விட முடியாத அளவுக்கு நல்லவன் என்று எழுதி வாங்க வேண்டும்.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். பூசிய திருநீறு காய்வதற்குள் கடையைத் திறந்துவிடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு முந்தி இருந்த ஒருவர், "வேற வேலை பாக்கிறேன் ஐயா" என்று சொன்ன நாளே, "போற ஆளுக்கு நாளைக்கு இஞ்ச என்ன வேலை?" என்று முதலாளி அவரை மத்தியானத்தோடு வழியனுப்பிவிட்டார். ஹோட்டலும் கிடைக்காமல் கடையும் போனால், அந்த பஸ்ஸில் நிற்பதற்குக்கூட எனக்குக் காரணம் இருக்காது.

திங்கட்கிழமை காலை போய் நின்றேன்.

"ஐயா, ஒரு கடிதம் வேணுங்க. நான் இங்க வேலை செய்றேன்னு... பொதுவா."

"என்னத்துக்கு?"

பொய்யை பஸ்ஸிலேயே தயார் செய்திருக்க வேண்டும். நின்றபடி தூங்கிவிட்டேன். முதலாளியின் தலைக்கு மேலே சுவரில் ஐயப்பன் படம். வாய் தானாகச் சொன்னது.

"விசாவுக்குங்க. சபரிமலைக்குப் போறேன்."

முதலாளி கதிரையை விட்டு எழுந்தார். எட்டு வருடத்தில் எனக்காக அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. "சாமி சரணம்!" என்று கைகூப்பினார். "வியாழனுக்குத் தாறன். விரதம் எப்ப தொடக்கம்?"

"இன்னைக்குத்தாங்க" என்றேன். என் தோள் பையில், மனைவி கட்டித் தந்த சோற்றுப் பார்சலில், பொரித்த நெத்தலி இருந்தது.

அன்றிலிருந்து கடையில் நான் சாமி. "ஏய் பைப்பு!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பில் போடும் அக்கா, "சாமி, அந்த முக்கால் இஞ்சி பைப்புல ரெண்டு எடுங்க சாமி" என்றார். பத்து மணிக்கு முதலாளி வாழைப்பழம் கொடுத்தனுப்பினார். மத்தியானம் நான் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் குந்தி நெத்தலியை முடித்தேன். நாலு நாளும் இதே கதை. வீட்டில் மரக்கறி வைக்கச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள், அங்கே இன்னொரு பொய் தேவைப்படும். ஒன்றுக்கே இந்தப் பாடு.

வியாழன் மாலை முதலாளி உறையை நீட்டினார். ஒட்டி, ஒட்டிய இடத்தில் கடை முத்திரையும் குத்தியிருந்தது. கூடவே ஒரு தேங்காய்.

"என்ர பேரில நெய் நிரப்பி அபிஷேகத்துக்குக் குடும் சாமி. என்ர முழங்கால் மலை ஏற விடாது."

வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பாரத்தை அந்தக் கடையில் நான் தூக்கியதில்லை, சீமெந்து உட்பட.

வெள்ளிக்கிழமை, விசா அலுவல் என்று லீவு போட்டுவிட்டு ஹோட்டலுக்குப் போனேன். மெனேஜர் ஒரு மெடம். உறையைக் கிழித்தார், படித்தார், என்னைப் பார்த்தார், எனக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டு வாசித்தார்.

"'இவர் எங்கு போனாலும் கட்டாயம் எம்மிடமே திரும்பி வருவார். வேறெங்கும் தங்கமாட்டார். இதற்கு நான் பொறுப்பு.' இதுவா உங்க சிபாரிசு?"

வேறு வழியில்லை, உண்மையைச் சொன்னேன். மெடம் சிரித்து முடிக்க நேரமெடுத்தது. "திங்கட்கிழமை ஒழுங்கான கடிதம் வரணும். இல்லாட்டி அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்" என்று சொல்லி, அந்தக் கடிதத்தை என் ஃபைலில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை தேங்காயை முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"ஐயா, நான் மலைக்குப் போகலைங்க. வேற வேலைக்குப் போகப் பாக்கிறேன்."

"தெரியும்."

"எப்படிங்க?"

"திங்கள் மத்தியானம் சீமெந்துப் பக்கத்தால நெத்தலி மணந்தது. மூட்டையோ நெத்தலி தின்னும்?"

பில் போடும் அக்கா பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுமா ஐயா தேங்காய் குடுத்தீங்க?"

"எனக்குப் பொய் சொல்லலாம். சாமிக்குக் குடுத்த தேங்காயிலயும் சம்பல் அரைப்பீரோ எண்டு பாத்தனான்."

இன்றைக்கே போம் என்பார் என்று காத்திருந்தேன். அவர் பேனையைத் திறந்தார். இந்த முறை உறையை ஒட்டவில்லை.

'இவர் எட்டு வருடம் என் களஞ்சியத்தைப் பார்த்தார். ஓர் ஆணி குறைந்ததில்லை. பொய் சொல்லவும் முயன்றார். அது இவருக்கு வரவில்லை. சாவியை நம்பிக் கொடுக்கலாம்.'

"ஆனா சொன்ன பயணம் சொன்னதுதான்," என்றார். "வேலை கிடைச்சா மலைக்குப் போகத்தான் வேணும். என்ர பேரிலயும்."

கிடைத்தது.

அடுத்த கார்த்திகையில் உண்மையாகவே மாலை போட்டேன். மெடமிடம் லீவும் விசாவுக்கு ஒரு கடிதமும் கேட்டேன். அவர் அலுமாரியைத் திறந்து என் ஃபைலை எடுத்தார்.

"இதை நான் புதுசா யோசிச்சு எழுதணுமா? உங்க பழைய முதலாளி அழகா எழுதியிருக்காரே. ஹோட்டல் பேரைப் போட்டு அப்படியே டைப் பண்ணுங்க. சைன் வைக்கிறேன்."

'வேறெங்கும் தங்கமாட்டார்' என்று என்னைப் பற்றி நானே டைப் செய்தேன். பிறகு புதுத் தேங்காய் வாங்கக் கண்டிக்குப் போனேன். முதலாளி எழுந்து கைகூப்பினார். தேங்காயை மட்டும் உடனே தரவில்லை. முதலில் என் பையைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார்.